எத்தனை மணிக்குச் சத்தம் கேட்டது?

முதலில் காணாமல் போனது அரை டம்ளர் தேநீர்.

அவள் ஒரு பதிப்பகத்துக்கு மெய்ப்புத் திருத்துபவள். அச்சுக்குப் போகுமுன் பக்கங்களை வாசித்துப் பிழை பார்ப்பது வேலை. விடுபட்ட ஒரு காற்புள்ளிக்காக முழுப் பக்கத்தையும் திருப்பி அனுப்பிவிடுவாள் என்பதால் பதிப்பகத்தில் அவளைக் காற்புள்ளி என்றே அழைத்தார்கள். அழைத்தார்கள் என்பதுகூடச் சரியில்லை. ஆறு வயதில் வந்த காய்ச்சலோடு அவளுடைய காது போய்விட்டது. உறையின்மேல் அப்படி எழுதி அனுப்பினார்கள்.

ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில் நான்காம் தளத்தில் ஓர் அறையில் குடியிருந்தாள். வீட்டிலிருந்தே வேலை. வெளிச்சத்துக்காக மேசையை ஜன்னலோரம் போட்டிருந்தாள். அதனால் கதவு முதுகுக்குப் பின்னால் இருந்தது. கதவுக்குப் பூட்டு மட்டும்தான், உள்தாழ்ப்பாள் கிடையாது. பக்கங்களில் சிந்திவிடக்கூடாதே என்று தேநீரையும் பின்னால் ஒரு முக்காலியில்தான் வைப்பாள். அன்று மதியம் திரும்பி எடுத்தபோது டம்ளரில் பாதிதான் இருந்தது. நாம்தான் குடித்துவிட்டு மறந்திருப்போம் என்று மீதியைக் குடித்தாள்.

அடுத்த வாரம் சீப்பு போனது. பிறகு அம்மாவின் கைக்கடிகாரம். ஒருநாள் கட்டிலின் ஓரத்தில், யாரோ வெகுநேரம் உட்கார்ந்து எழுந்ததுபோல ஒரு பள்ளம். தொட்டுப் பார்த்தாள். இளஞ்சூடாக இருந்தது. பிறகு ஒரு தோடு. ஜோடியில் ஒன்று மட்டும்.

தங்கை பேருந்து நடத்துநர். வாரம் ஒருநாள் வருவாள். கைச்சைகையும் வாயசைவுமாகப் பேசிக்கொள்வார்கள்.

"நீயே எங்கயாவது வச்சிருப்பக்கா. நாள் முழுக்க எழுத்தையே பாத்துட்டு இருந்தா இப்படித்தான். வயசும் ஆகுதில்ல?"

காற்புள்ளி அதை நம்ப முயன்றாள். அறையில் உள்ள பொருள்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி, தினமும் மாலையில் அறையைத் தாளோடு ஒப்பிட்டு மெய்ப்புப் பார்த்தாள். தாளில் இருந்தவை அறையில் குறைந்துகொண்டே வந்தன.

ஒரு பகல் பதினொரு மணிக்குப் பென்சில் கீழே உருண்டது. எடுக்கக் குனிந்தாள். நாற்காலிக்குப் பின்னால், ஒரு சாண் தூரத்தில், செருப்பில்லாத இரண்டு கால்கள் நின்றன.

திரும்பினாள். சாவிக்காரர். கட்டடத்தின் எல்லா வீடுகளுக்கும் மாற்றுச் சாவி வைத்திருப்பவர். தண்ணீர்க் குழாய், மின்சாரம், தபால் எல்லாம் அவர் பொறுப்பு. அவர் பதறவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. காது கேளாத பெண்ணைப் பார்த்து, உதட்டின்மேல் விரலை வைத்து, சத்தம் போடாதே என்று காட்டினார். அலமாரியில் இருந்த இன்னொரு தோட்டையும் எடுத்துக்கொண்டார். போகும்போது கதவை வெளியிலிருந்து மறக்காமல் பூட்டினார். பொறுப்பான மனிதர்.

காற்புள்ளி அப்படியே உட்கார்ந்திருந்தாள். திருடு போனவை அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. எத்தனை நாள் அந்தக் கால்கள் அங்கே நின்றன என்பதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தாள்.

தங்கை அவளைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப்போனாள். அங்கிருந்த காவலர் மிகவும் மகிழ்ந்தார். "இவங்களுக்குன்னே தனியா ஒரு சிறப்புப் பிரிவு இருக்கே! நாங்க தொடவே கூடாது. தொட்டா அவங்க உரிமையைப் பறிச்ச மாதிரி ஆயிடும்" என்று புகாரைத் தொடாமலேயே திருப்பிக் கொடுத்தார்.

மாற்றுத்திறனாளிகள் மீதான குற்றங்கள் தடுப்பு, கண்காணிப்பு மற்றும் ஒருங்கிணைப்புச் சிறப்புப் பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது. மின்தூக்கி பழுது. வாசலில் சக்கர நாற்காலிக்கான சாய்தளம் இருந்தது. அதன்மேல் வரிசையாகப் பூந்தொட்டிகள் வைத்து நன்றாகப் பராமரித்துவந்தார்கள்.

முதல்நாள் தங்கைக்கு வேலை. காற்புள்ளி தனியாகப் போய்க் காத்திருந்தாள். மாலை நான்கு மணிக்கு எழுத்தர் மேசையைப் பூட்டிக்கொண்டு எழுந்தபோது அவள் தன் வரிசை எண் சீட்டை நீட்டினாள். அவர் பதிவேட்டைக் காட்டினார். அவள் பெயருக்கு எதிரே, 'மூன்றுமுறை உரக்க அழைத்தும் வரவில்லை' என்றிருந்தது.

'எனக்குக் காது கேட்காது' என்று எழுதிக் காட்டினாள்.

"அதை முன்கூட்டியே சொல்லணும்ல?" என்று அவர் வாயைப் பெரிதாகத் திறந்து சொன்னார்.

'யாரிடம்?'

அவர் சுவரைக் காட்டினார். இருபத்துநான்கு மணிநேர உதவிக்கான தொலைபேசி எண் அங்கே ஒட்டியிருந்தது.

அடுத்தமுறை தங்கையும் வந்தாள். அதிகாரி எழுந்து நின்று வரவேற்றார். கனிவானவர். அவருடைய மீசை மேலுதட்டை மூடியிருந்ததால் அவர் பேச்சில் பாதியைத்தான் காற்புள்ளியால் படிக்க முடிந்தது. மீதியைத் தங்கை கையால் சொன்னாள். அவர் காற்புள்ளியின் புகாரை இரண்டுமுறை படித்தார். அவர் முகம் மாறியது.

"இது யார் எழுதினது?"

"அக்காதான் சார்."

"ஒரு பிழைகூட இல்லையே."

"அவ வேலையே அதுதான் சார்."

"அதாம்மா எனக்கு உறுத்துது. பாதிக்கப்பட்டவங்க எழுதினா ஒரு பதற்றம் தெரியணும். நாலு பிழை இருக்கணும். இதுல அரைப்புள்ளி எல்லாம் இருக்கு." தாளை மேசையில் வைத்தார். "சரி, நம்ம படிவத்தை நிரப்புவோம். ஏழாவது கேள்வி ரொம்ப முக்கியம். குற்றவாளி உள்ள வந்த சத்தம் எத்தனை மணிக்குக் கேட்டுது?"

காற்புள்ளி எழுதினாள்: 'கேட்கவில்லை.'

"சத்தம் இல்லாம வந்தாரு. அப்ப கதவை உடைக்கல. அத்துமீறல் இல்ல." ஒரு கட்டத்தில் குறியிட்டார். "நீங்க கத்தினீங்களா?"

'இல்லை.'

"எதிர்ப்பும் தெரிவிக்கல." இன்னொரு கட்டம். "பாருங்க, படிவம் எவ்வளவு சுலபமா போகுது! அடுத்தது வாய்மொழி வாக்குமூலம்."

"அதைத்தானே சார் எழுதிக் குடுத்திருக்கா?" என்றாள் தங்கை.

"எழுதினா அது எப்படிம்மா வாய்மொழி ஆகும்? அவங்க கையால சொல்லணும், ஒருத்தர் அதை வாயால சொல்லணும், எழுத்தர் அதை எழுதணும். அப்பதான் சட்டப்படி எழுத்து."

"நான் சொல்றேன் சார்."

"நீங்க ரத்த சொந்தம். பாசம் குறுக்க வரும். எங்ககிட்ட சைகை மொழிபெயர்ப்பாளர் பதவி ஒண்ணு இருக்கு. ஆள்தான் இல்ல. கவலைப்படாதீங்க, ஏற்பாடு பண்றேன்."

வீட்டுப் பூட்டை மாற்றி, கதவுக்கு ஒரு தாழ்ப்பாளும் வைக்கலாமா என்று காற்புள்ளி எழுதிக் கேட்டாள். அதிகாரி பதறிவிட்டார். "ஐயோ, அது சான்றுப் பொருள்மா! விசாரணை முடியற வரைக்கும் தொடக்கூடாது." மறுநாளே எழுத்தர் வந்து பூட்டில் முத்திரைச் சீட்டு ஒன்றைக் கட்டிவிட்டுப் போனார். பூட்டும் அப்படியே இருந்தது. மாற்றுச் சாவியும் இருந்த இடத்திலேயே இருந்தது. அன்றிலிருந்து அவள் மேசையைத் திருப்பிப் போட்டாள். இப்போது கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். வெளிச்சம் முதுகில் விழுந்தது. தன் நிழலின் மேலேயே எழுத்துகளைப் படித்தாள்.

மூன்று வாரம் கழித்து வாக்குமூலத்துக்கு அழைத்தார்கள். சொந்தம் என்பதால் தங்கையை வெளியே நிறுத்தினார்கள். உள்ளே, மொழிபெயர்ப்பாளரின் நாற்காலியில், தலையைப் படிய வாரிக்கொண்டு சாவிக்காரர் உட்கார்ந்திருந்தார்.

காற்புள்ளி வாசலிலேயே நின்றுவிட்டாள். கையை நீட்டி அவரைக் காட்டினாள். புகாரைக் காட்டினாள். மறுபடி அவரைக் காட்டினாள்.

"தெரியும்மா, தெரியும்" என்றார் அதிகாரி. இதற்கு அவர் தயாராக இருந்தார். "இவர்மேல குற்றம் இன்னும் நிரூபணம் ஆகல. அதுவரைக்கும் சட்டப்படி நிரபராதி. நிரபராதி மொழிபெயர்க்கக்கூடாதுன்னு எந்த விதியும் இல்ல. கட்டடத்துல உங்க சைகை தெரிஞ்சவர் இவர் ஒருத்தர்தான். அதுவுமில்லாம, சம்பவ இடத்துல இவர் இருந்தாருன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. நடந்ததை இவரைவிட நல்லா யாருக்கு தெரியும்?"

அந்தச் சைகைகளை அவருக்குக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். குடிவந்த புதிதில், தண்ணீர், தபால், நாளை, வருவேன் என்று பத்துப் பதினைந்து சொற்கள். உதவியாக இருக்குமே என்று சிரித்துச் சிரித்துக் கற்றுக்கொடுத்தாள்.

அவள் கைகளால் சொன்னாள். எனக்குப் பின்னால் நின்றான். பல நாள் நின்றான். என் கடிகாரத்தை எடுத்தான்.

சாவிக்காரர் அமைதியாகப் பார்த்துவிட்டு அதிகாரியிடம் திரும்பினார். அவர் உதடுகள் தெளிவாக அசைந்தன. மீசை இல்லை. ஒவ்வொரு சொல்லும் அவளுக்குத் தெரிந்தது. "எப்பவும் பின்னாடி நின்னு பாத்துக்கறேனாம் சார். கடிகாரம் மாதிரி நேரம் தவறாம வந்துடுவேனாம்."

அவள் மேசையை ஓங்கித் தட்டினாள்.

"கோவப்படறாங்களே?" என்றார் அதிகாரி.

"தங்கச்சிமேல சார். தனியா விட்டுட்டுப் போயிட்டாளாம். பாவம்."

எழுத்தர் தட்டச்சு செய்துகொண்டுவந்த தாளைக் கையெழுத்துக்காக அவள்முன் வைத்தார்கள். 'மேற்படி சாவிக்காரரின் பராமரிப்பில் நான் மிகவும் பாதுகாப்பாக உணர்கிறேன்' என்று அது தொடங்கியது. காற்புள்ளி பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தாள். அந்த வரியை அடித்தாள். அடுத்ததை அடித்தாள். ஓரத்தில் நடந்ததை எழுதினாள். இடமில்லாமல் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினாள்.

அதிகாரி அந்தத் தாளைச் சோகமாகப் பார்த்தார். "அரசு ஆவணத்துல கிறுக்கறது குற்றம்மா. ஆனா நீங்க பாதிக்கப்பட்டவங்க. அதனால உங்கமேல நடவடிக்கை எடுக்கப்போறதில்ல. அதுக்குத்தான் இந்தப் பிரிவு இருக்கு" என்று தாளை நான்காகக் கிழித்தார். எழுத்தர் புதிய பிரதியில், 'கையெழுத்திடும் நிலையில் இல்லை' என்று குறித்துக்கொண்டார்.

அவள் படியிறங்கும்போது சாவிக்காரர் கீழே நின்றார். தங்கை தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவள் கற்றுக்கொடுத்தபடியே, பிழையில்லாமல் இரண்டு சைகைகள் செய்தார்.

நாளை. வருவேன்.

புகார் இப்படி நல்லபடியாக முடிந்ததைச் சிறப்புப் பிரிவு விழாவாகக் கொண்டாடியது. பாதுகாப்புக் கருவி வழங்கும் விழா. பயனாளி ஒருவர் தேவைப்பட்டார். காற்புள்ளியை முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். அதிகாரியின் உரையை அச்சடித்துக் கொடுத்தார்கள். அதில் இப்படி இருந்தது:

'இவர்கள் குரலற்றவர்கள். இவர்களுடைய குரல் நாமே. நாம் இருக்கும்போது இவர்கள் பேசவேண்டிய தேவை என்ன? சென்ற ஆண்டு இப்பிரிவுக்கு நானூறு புகார்கள் வந்தன. எங்கள் அயராத உழைப்பால் இந்த ஆண்டு நாற்பதாகக் குறைந்துள்ளன. மின்தூக்கி பழுதடைந்ததும் இந்த ஆண்டுதான் என்று சிலர் குறை கூறுகிறார்கள். எல்லா நல்ல மாற்றங்களுக்கும் ஒரு தொடக்கம் வேண்டும். அடுத்த ஆண்டு ஒரு புகாரும் வராத நிலையை எட்டுவோம். அதற்கான பணிகள் படிக்கட்டிலும் தொடங்கிவிட்டன.'

கைதட்டல் எழுந்தது. பிறகு அவளுக்குக் கருவியைக் கொடுத்தார்கள். ஓர் அபாயச் சங்கு. கதவில் பொருத்தினால், பொத்தானை அழுத்தாமல் யார் திறந்தாலும் அலறும். அதிகாரி அதை மேடையிலேயே இயக்கிக் காட்டினார். அரங்கமே காதைப் பொத்திக்கொண்டது. காற்புள்ளி மட்டும் கையில் சங்குடன் உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் படம் மறுநாள் பத்திரிகையில் வந்தது. 'அச்சமின்றி' என்று தலைப்புப் போட்டிருந்தார்கள்.

சங்கு மூன்றாம் நாள் காற்றில் கதவு ஆடியதற்கே அலறியது. அவள் குளியலறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்தபோது அறை முழுக்க ஆட்கள், எல்லாரும் காதைப் பொத்தியபடி அவளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். முக்கால் மணிநேரமாக அலறியிருக்கிறது. கட்டடத்துக்காரர்கள் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். சிறப்புப் பிரிவு அன்றைக்கே ஆணை பிறப்பித்தது. இவ்வளவு விரைவாக அங்கே எதுவும் நடந்ததில்லை. சங்கை நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று பொறுப்பான ஒருவருக்குக் காட்டிக்கொடுக்க வேண்டும். கட்டடத்தில் அப்படிப்பட்டவர் ஒருவர்தான் இருந்தார்.

அதன்பிறகு சங்கு ஒருமுறைகூட அலறவில்லை. பதிவேட்டில் இது வெற்றி என்று ஏறியது. அறையில் கட்டிலின் ஓரம் மறுபடி பள்ளமானது. அவள் குளிக்கும்போதா, துவைக்கும்போதா, கண்ணயரும்போதா, தெரியவில்லை. காற்புள்ளி கண்ணை மூடுவதை விட்டாள். முகத்துக்குச் சோப்புப் போடுவதை விட்டாள். ஒருநாள் அவளைப் பார்த்த தங்கை பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்கினாள்.

"முதல்லயே நம்பியிருக்கணும்க்கா" என்றாள். அழுதுகொண்டே சொன்னதால் வாயசைவு குழம்பியது. இருந்தும் காற்புள்ளிக்குப் புரிந்தது.

இரண்டு மாதம் தங்கை வீட்டில் கழிந்தது. பழைய முகவரிக்குப் பதிப்பகம் தவறாக அனுப்பிய ஒரு கட்டுப் பக்கங்களை எடுத்துவர ஒருநாள் மதியம் அவள் போனாள். கீழே சாவிக்காரர் இல்லை. நான்காம் தளத்தில் அவளுடைய பழைய கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. முத்திரைச் சீட்டு பூட்டில் ஆடிக்கொண்டிருந்தது. கதவோரம் சுவரில் ஒரு வெள்ளைக் கோல் சாய்த்து வைத்திருந்தது.

உள்ளே நடுத்தர வயதுக்காரர் ஒருவர் இரண்டு காதிலும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாடகைக் கார் நிறுவனத்துக்கு வரும் அழைப்புகளுக்கு வீட்டிலிருந்தே பதில் சொல்பவர். கண் தெரியாது. அவள் தரையைக் காலால் தட்டினாள். அவர் சட்டென்று ஹெட்போனைக் கழற்றினார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"யாரு?"

அவள் அவசரமாகத் தாளை எடுத்தாள். எடுத்துவிட்டு, அதைப் பார்த்தபடி நின்றாள்.

"யாருன்னு கேக்கறேன்ல! தினமும் வந்து பின்னாடி நிக்கறது நீங்கதானா? ஹெட்போனைக் கழட்டினா எண்ணெய் வாசனை அடிக்குது. கையை வீசினா யாரும் இல்ல. கீழ சாவிக்காரர்கிட்ட சொன்னா, பிரமைங்கறார். என்ன வேணும் உங்களுக்கு?"

அவர் உதடுகளை அவள் படித்தாள். கையை நீட்டினால் பயந்துவிடுவார். எழுதினால் படிக்க மாட்டார். அவளுக்கு இருந்தது ஒன்றுதான். பத்து வயதில் பள்ளிக்கூடம் முழுக்கச் சிரித்த பிறகு அதை அவள் வெளியே எடுத்ததில்லை. அது எப்படி இருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது.

"நா... இல்ல" என்றாள். தொண்டை அதிர்ந்தது. "நா இல்ல. அவன். சாவி."

அவர் அசையாமல் இருந்தார். பிறகு மெதுவாகத் தலையைக் கதவுப் பக்கம் திருப்பினார். ஒரு விரலை உயர்த்தினார். அவருக்கு ஏதோ கேட்டிருக்கிறது. அவள் திரும்பினாள்.

செருப்பைக் கையில் பிடித்தபடி சாவிக்காரர் வாசலைத் தாண்டி ஓரடி உள்ளே வந்திருந்தார்.

காற்புள்ளி கத்தினாள். எவ்வளவு உரக்க என்று அவளுக்குத் தெரியாது. எப்போது நிறுத்த வேண்டும் என்றும் தெரியாது. அதனால் நிறுத்தவில்லை. ஐந்து தளங்களிலும் கதவுகள் திறந்தன. ஆட்கள் ஓடிவந்தார்கள். ஒரு கையில் செருப்பும் மறுகையில் சாவியுமாக நின்ற மனிதரைப் பதினொரு பேர் பார்த்தார்கள். ஒருவர் அவருடைய அறையைத் திறந்து பார்த்தார். காற்புள்ளியின் கடிகாரமும் சீப்பும் அங்கே இருந்தன. அதோடு இரண்டாம் தளத்துக்காரர் தொலைத்த இஸ்திரிப் பெட்டியும், ஐந்தாம் தளத்து அம்மாவின் வெள்ளிக் கிண்ணமும் இருந்தன. அதற்குப் பிறகுதான் கட்டடத்துக்கே கோபம் வந்தது.

காவல் நிலையம் ஒருமணி நேரத்தில் ஆளைப் பிடித்துக்கொண்டு போனது. பாதிக்கப்பட்டோர் பட்டியலில் இரண்டாம் தளத்துக்காரரும் ஐந்தாம் தளத்து அம்மாவும் இருந்தார்கள். மற்ற இரண்டு பேரைச் சிறப்புப் பிரிவுதான் சேர்க்க வேண்டும் என்றார்கள். சிறப்புப் பிரிவின் அதிகாரி நேரில் வந்து வருத்தம் தெரிவித்தார். "கண் தெரியாதவர் படிவம் வேற, காது கேக்காதவங்க படிவம் வேறம்மா. ரெண்டு பேருக்கும் ஒரே குற்றம் நடந்தா, எதுல போடறதுன்னு மேலிடத்துக்கு எழுதியிருக்கேன்." போகும்போது பூட்டில் இருந்த முத்திரைச் சீட்டைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

காற்புள்ளி இப்போதும் வாரம் ஒருமுறை மாலையில் அந்த வீட்டுக்குப் போகிறாள். கார் நிறுவனக்காரர் அவள் வாயிலிருந்து வருவதைப் பொறுமையாகக் கேட்கிறார். சிரிப்பதில்லை. அவள் கிளம்பும்போது மட்டும் அவர் முகம் மாறும். ஜன்னலில் வெளிச்சம் குறைந்துகொண்டிருக்கும்.

"ஒரு நிமிஷம். யாராவது இருக்காங்களான்னு பாருங்க."

அவள் கதவுக்குப் பின்னால் பார்க்கிறாள். திரைச்சீலையை விலக்கிப் பார்க்கிறாள். கட்டிலின் அடியில் குனிந்து பார்க்கிறாள்.

"இல்ல" என்கிறாள். பிறகு அவள் கேட்கிறாள்: "சத்தம்?"

அவர் தலையைச் சாய்த்து, மூச்சை அடக்கி, வெகுநேரம் கேட்கிறார்.

"ஒண்ணும் இல்ல" என்கிறார். சற்றுப் பொறுத்து, தாழ்ந்த முகத்தோடு, "எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடுங்களேன்."

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு, மறுபடி கதவிலிருந்து தொடங்குகிறாள்.